பன்னிரண்டாவது இடம்

தர்ஷிகாவின் வலது ஷூ மட்டும்
முனையில் தேய்ந்திருந்தது.
நான் ஷூ விற்றவனைத் திட்டினேன்.
அஞ்சலைதான் கேட்டாள்,
காலை எங்கேடி கொண்டுபோய் வைக்கிறே என்று.

பள்ளிக் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.
குந்தியபடியே காலை நீட்டி
கதவை மிதித்துக்கொள்ள வேண்டும்.
கால் எட்டாத பிள்ளைகள்
வீடு திரும்பும் வரை தண்ணீர் குடிப்பதில்லை.

இப்படித்தான் திரிலோக்புரியில்
என் மனைவி தேர்தலில் நின்றாள்.

பள்ளி மேலாண்மைக் குழு.
பெற்றோருக்குப் பன்னிரண்டு இடம்,
போட்டிக்குப் பத்தொன்பது பேர்.
மனு வாங்கிய மேடம்
அஞ்சலை என்றுகூட ஒரு பெயரா என யோசித்து
அஞ்சலி என்று திருத்திக்கொண்டார்.
இருக்கட்டும் என்றாள் இவள்.
பாத்திரம் தேய்க்கும் ஆறு வீட்டிலும்
ஏற்கெனவே ஆறு பெயர்.

வட்டச் செயலாளரின் மச்சான் ஒருவர் நின்றார்.
வீட்டுக்கு வீடு கைக்கடிகாரம் என்று பேச்சு.
வந்தது பேனா.
அதுவும் எழுதவில்லை.

அஞ்சலை கையை வீசிக்கொண்டுதான் போனாள்,
மாவு மில்லுக்கு, ரேஷன் வரிசைக்கு,
தண்ணீர் லாரியின் குழாயைப் பிடித்தபடி
அடுத்த குடத்துக்காரியிடம்.
அவள் பேசும் இந்தியில்
கதவு பெண், தாழ்ப்பாள் பெண்,
மீசை வைத்த ஹெட்மாஸ்டரும் பெண்.
யாரும் சிரிக்கவில்லை.
பக்கத்தில் ரிஹானா நிற்பாள், பிளவுஸ் தைப்பவள்.
ஏழு மாதமாக வராத கணக்கு டீச்சருக்காக
அவளும் ஓட்டுக் கேட்டாள்.
ஒரே குடத்தை இருவரும் தூக்கிவிட்டார்கள்.

சனிக்கிழமை. ஒரு மணி வரை ஓட்டு.
பன்னிரண்டுக்குள் வந்துடு என்று
காலையில் இரண்டு முறை சொன்னாள்.
மூன்றாவது முறை சொல்லவில்லை.

என் தோசை வண்டி மெட்ரோ தூணுக்கு அடியில்.
பதினொன்றரைக்கு ஒரு போன்.
ஏதோ ஆபீசில் யாருக்கோ பிறந்தநாள்,
முப்பத்திரண்டு மசாலா.
நான் கணக்குப் போட்டேன்.
ஒரு பக்கம் முப்பத்திரண்டு,
இன்னொரு பக்கம் ஒன்று.

கேட்டுக்கு வந்தபோது ஒன்று பத்து.
காவலாளி வாயைத் திறக்கவில்லை,
தன் கைக்கடிகாரத்தை என் பக்கம் திருப்பினார்.
என் மணிக்கட்டில் மாவு காய்ந்து
தோல் இழுத்தது.

ஐந்தாம் வகுப்பு பி பிரிவில் எண்ணினார்கள்.
கரும்பலகையில் பெயர்கள், எதிரே
சாக்பீஸ் கோடுகள்,
நான்கு நின்றால் ஐந்தாவது குறுக்கே படுக்கும்.
பதினோரு இடம் தீர்ந்தது. மச்சானும் உள்ளே.
கடைசி இடத்துக்கு
ரிஹானா அறுபத்து மூன்று.
அஞ்சலி அறுபத்து மூன்று.
மறுபடி எண்ணினார்கள். அதே.

டப்பாவில் இரண்டு சீட்டுப் போட்டு
வராண்டாவில் நின்ற சின்னப்பெண்ணை அழைத்தார்கள்.
அவள் யார் முகத்தையும் பார்க்காமல் எடுத்தாள்.

ரிஹானாவுக்குக் கை தட்டியதில்
அஞ்சலை சத்தம்தான் முதலில் கேட்டது.
தாழ்ப்பாள், மறந்துடாதே என்றாள்,
பெண்பாலில்.

வரும் வழியில் கத்தரிக்காய் வாங்கினாள்.
ஒன்றைத் திருப்பிப் பார்த்து, சொத்தை என்று கழித்தாள்.
அறுபத்து நான்கு என்ற எண்ணை
வீட்டுக்குள் அவள் கொண்டுவரவே இல்லை.
என் சட்டைப்பையில் முப்பத்திரண்டு தோசையின் பணம்,
எண்ணெய் பிசுக்கோடு,
அப்படியே இருந்தது இரண்டு நாள்.

தர்ஷிகா படிப்பது ஐந்தாம் வகுப்பு பி.
திங்கட்கிழமை இரண்டாவது பீரியட் வரை
யாரும் பலகையை அழிக்கவில்லையாம்.
ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில்
அத்தனை கோட்டையும் பார்த்து எழுதியிருந்தாள்.
ராத்திரி சாப்பிட்டதும் என் மடியில் விரித்தாள்.
இது அம்மா போட்டது,
இது லாரிக்காரத் தெரு சுனிதா ஆன்ட்டி,
இது நம்ம மாடி வீட்டு அங்கிள் என்று
விரலை நகர்த்திக்கொண்டே வந்து
குறுக்குக் கோடு விழாத
கடைசி மூன்றில் நிறுத்தினாள்.

இதுல உன் கோடு எதுப்பா?